கயிற்றில் அறாத நார் பலகையில் தோற்றது ஏன்?

தேங்காய் மட்டையிலிருந்து ஒரு நாரை உரித்து எடுங்கள். இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுங்கள். சட்டென்று அறுந்துவிடுகிறதா? இல்லை. முதலில் சற்று நீளுகிறது, இன்னும் இழுத்தால் இன்னும் நீளுகிறது, பிறகுதான் அறுகிறது. இப்படிப்பட்ட நார்களை முறுக்கித் திரித்த கயிறு கிணற்றில் குடம் இழுக்கிறது. படகைக் கரையில் கட்டி நிறுத்துகிறது. உப்பு நீரில் கிடந்தும் நெடுநாள் உழைக்கிறது.

இவ்வளவு உழைக்கும் நாரைப் பிளாஸ்டிக் பிசினோடு சேர்த்துப் பலகையாக வார்த்தால் என்ன? மரப்பலகைக்கு ஈடான ஒரு பொருள் கிடைக்குமே என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? நம் நாட்டு விஞ்ஞானிகளுக்கும் அவ்வாறே தோன்றியது. திருவனந்தபுரத்தில் இருந்த வட்டார ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் இந்த ஆராய்ச்சி முனைப்பாக நடந்தது. (அந்த நிலையம் இன்று தேசியப் பல்துறை அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.) தென்னை நாரைப் பாலியெஸ்டர் பிசினில் பதித்துப் பலகை வார்த்தார்கள். அதை இழுத்துச் சோதித்தபோது வியப்பான முடிவு கிடைத்தது. நார் சேர்த்த பலகையின் இழுவலிமை, நார் சேர்க்காத வெறும் பிசின் பலகையின் இழுவலிமையைவிடக் குறைவாக இருந்தது!

கயிற்றில் அறாத நார் பலகையில் ஏன் தோற்றது? இதற்கு விடை காண முயன்றால், கூட்டுப்பொருள்களின் வலிமை எங்கிருந்து வருகிறது என்னும் பெரிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மண் சுவர் தரும் பாடம்

இரண்டு பொருள்களைச் சேர்த்து, அவ்விரண்டிலும் தனித்தனியே இல்லாத குணத்தைப் பெறுவதே கூட்டுப்பொருளின் நோக்கம். இது புதிய செய்தியன்று. சுவர் வைக்க மண் குழைக்கும்போது நம் கிராமங்களில் வைக்கோலையும் சேர்த்து மிதிப்பார்கள். பழங்கால எகிப்தியரும் செங்கல் அறுக்கும் மண்ணில் வைக்கோல் கலந்தார்கள். மண் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் இழுத்தால் விண்டு போகும். காயும்போது தானாகவே வெடிக்கும். வைக்கோல் அந்த வெடிப்புகளுக்குக் குறுக்கே நின்று இரு பக்கத்தையும் பிடித்துக் கொள்கிறது.

இங்கே மண்ணுக்குப் பெயர் ‘தாய்ப்பொருள்’ என்று வைத்துக் கொள்வோம். வைக்கோல் ‘வலுவூட்டி’. கண்ணாடி இழைப் படகில் பிசின் தாய்ப்பொருள். கண்ணாடி இழை வலுவூட்டி. தாய்ப்பொருள் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. இழைகளை அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். நீரும் காற்றும் அவற்றைத் தாக்காமல் காக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் சுமையை இழைக்கு எடுத்துச் சென்று கொடுக்க வேண்டும். மூன்றாவது வேலையில்தான் நம் கதை சிக்கிக் கொண்டிருக்கிறது.

ஒரே நுகத்தில் இரண்டு மாடுகள்

முதலில் நார்களின் வலிமையைப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள நார்க்கற்றை எத்தனை கிலோ எடையைத் தாங்கும் என்று கணக்கிடுவது எளிய வழி. இயற்கை நார் செடிக்குச் செடி மாறுபடும். ஆகவே கீழ்வரும் எண்களை ஏறத்தாழ என்றே கொள்ளுங்கள்.

தென்னை நார்: 10 முதல் 20 கிலோ
சைசல் என்னும் கற்றாழை நார்: 40 முதல் 65 கிலோ
சணல்: 40 முதல் 75 கிலோ
கண்ணாடி இழை: 200 முதல் 350 கிலோ

சாதாரண மென் எஃகு ஏறத்தாழ 40 கிலோ தாங்கும். ஆனால் எஃகு நீரைப்போல் 7.8 மடங்கு அடர்த்தி உடையது. சைசல் நாரோ ஒன்றரை மடங்கு கூட இல்லை. எடைக்கு எடை பார்த்தால் மென் எஃகை நம் கற்றாழை நார் எளிதில் வென்றுவிடும்.

பாலியெஸ்டர் பிசின் 4 முதல் 8 கிலோ வரையே தாங்கும். தென்னை நார் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வலியது. அப்படியானால் நார் சேர்த்த பலகை வலுத்திருக்க வேண்டுமே? இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது.

ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு அடி எடுத்து வைத்தாக வேண்டும். பலகையை இழுக்கும்போதும் பிசினும் நாரும் ஒரே அளவுதான் நீள முடியும். ஏனெனில் இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன. அப்போது சுமையை அதிகமாக ஏற்பது எது? எளிதில் நீள மறுப்பது எதுவோ, அதுவே. இந்தக் குணத்துக்கு ‘விறைப்பு’ என்று பெயர். வலிமை வேறு, விறைப்பு வேறு.

கண்ணாடி இழை பிசினைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு விறைப்பானது. சணல் ஏறத்தாழ 8 மடங்கு. தென்னை நாரோ ஒன்றரை மடங்குதான். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நூறு பங்கு பலகையில் 30 பங்கு இழையும் 70 பங்கு பிசினும் இருக்கட்டும். இழைகள் யாவும் இழுக்கும் திசையிலேயே கிடக்கட்டும்.

கண்ணாடி இழை ஏற்கும் சுமை 30 × 20 = 600 பங்கு; பிசின் ஏற்பது 70 பங்கு. ஆக மொத்தச் சுமையில் 90 சதவீதம் இழையின் தோளில்.

சணல் ஏற்பது 30 × 8 = 240 பங்கு; பிசின் 70. ஆக 77 சதவீதம்.

தென்னை நார் ஏற்பது 30 × 1.5 = 45 பங்கு; பிசின் 70. ஆக 39 சதவீதம்தான்!

பாலியெஸ்டர் பிசின் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு நீண்டதுமே உடைந்துவிடும். தென்னை நாரோ அறுவதற்கு முன் நூற்றுக்கு 15 முதல் 40 பங்கு வரை நீளும். ஒரு மாடு ஓய்ந்து விழும் வேளையில் மற்றொன்று இன்னும் கயிற்றைக்கூட இறுக்கவில்லை. இது முதல் காரணம்.

நாருக்குள்ளே ஒரு சுருள்

தென்னை நார் மட்டும் ஏன் இப்படி நீளுகிறது? நாரின் உள்ளமைப்பைப் பாருங்கள்.

எல்லாச் செடி நார்களுக்கும் அடிப்படை செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. இச்சங்கிலிகள் பல சேர்ந்து மிக நுண்ணிய இழைகளாகின்றன. இந்நுண்ணிழைகள் நாரின் செல்சுவரில் சுருள்சுருளாகச் சுற்றிக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே லிக்னின் முதலிய பொருள்கள் காரைபோல் நிரம்பியிருக்கின்றன.

ஒரு பென்சிலின்மீது நூலைச் சுற்றுங்கள். நெருக்கமாகச் சுற்றினால் நூல் பென்சிலுக்குக் குறுக்காகக் கிடக்கும். தள்ளித்தள்ளிச் சுற்றினால் ஏறத்தாழ பென்சிலின் நீளவாக்கிலேயே ஓடும். நாரின் நீளத்தோடு நுண்ணிழை உண்டாக்கும் இந்தக் கோணம் வாழை நாரில் ஏறத்தாழ 11 டிகிரி. சைசல் நாரில் 20 டிகிரி. தென்னை நாரிலோ 40 டிகிரிக்கும் மேல் போகும். அதனால்தான் தென்னை நார் சுருள்வில்போல் நடந்து கொள்கிறது. இழுத்தால் முதலில் சுருள் விரிகிறது. செல்லுலோஸ் சங்கிலிமீது சுமை முழுவதுமாக ஏறுவதற்குள் நார் வெகுவாக நீண்டுவிடுகிறது. மேலும் தென்னை நாரில் செல்லுலோஸ் குறைவு. லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல். லிக்னின் மிகுந்திருப்பதால்தான் நீரில் கிடந்தும் அது எளிதில் மட்குவதில்லை.

இதைத் தென்னையின் குறை என்று எண்ண வேண்டா. கற்றாழை நார் இலையை விறைப்பாக நிமிர்த்தி வைக்கும் வேலையைச் செய்கிறது. தேங்காய் மட்டையோ, உயர்ந்த மரத்திலிருந்து விழும் காய்க்கு மெத்தையாக இருக்கிறது. மெத்தை விறைப்பாக இருந்தால் என்ன பயன்? அவரவர் வேலைக்கு ஏற்ற அமைப்பு.

முளைக்குச்சியும் பிடிப்பும்

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. ஆட்டைக் கட்டுவதற்குத் தரையில் முளை அடிக்கிறோம். முளை ஆழமாகவும் இறுக்கமாகவும் இருந்தால், ஆடு வெறிகொண்டு இழுத்தாலும் முளை அசையாது. கயிறு வேண்டுமானால் அறும். சேற்று நிலத்தில் மேலோடு குத்தி வைத்தாலோ முளை கயிற்றோடு கையில் வந்துவிடும். கயிறு எவ்வளவு வலிமையானதாக இருந்தும் அந்த வலிமை பயன்படவில்லை.

பிசினில் பதிந்த நாரும் இப்படித்தான். பிசின் நாரை இறுகப் பற்றினால்தான் சுமை நாருக்குப் போகும். பற்றவில்லையென்றால், நார் இருக்கும் இடம் பலகைக்குள் ஒரு துளை போலத்தான். நூறு நார்கள் இருந்தால் நூறு துளைகள்! நார் சேர்த்தும் வலிமை குறைந்ததன் மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா?

கயிற்றில் இந்தத் தொல்லை இல்லை. முறுக்கு ஏற ஏற நார்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன; உராய்வே அவற்றைப் பிணைக்கிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகும். பலகையிலோ பிடிப்பு முழுவதும் பிசினைப் பொறுத்தது.

செடி நார்களைப் பிசின் ஏன் பற்றுவதில்லை? செல்லுலோஸ் நீரை விரும்பும் பொருள். பாலியெஸ்டர் போன்ற பிசின்கள் நீரை விலக்கும் இனம். போதாததற்குத் தென்னை நாரின் மேல் மெழுகு போன்ற ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. மேற்பரப்பில் உள்ள நுண்குழிகளும் சிறு முண்டுகளால் அடைபட்டுக் கிடக்கின்றன. எண்ணெய் தடவிய முளையைத் தரையில் நட்டதுபோல் ஆயிற்று!

எரிசோடா செய்த உதவி

நோய் தெரிந்தால் மருந்து கிடைக்கும். திருவனந்தபுரம் விஞ்ஞானிகள் தென்னை நாரை 5 சதவீத எரிசோடாக் கரைசலில் ஊற வைத்தார்கள். 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், மூன்று நாளுக்குச் சற்று மேல் ஊறியதும் நல்ல பலன் தெரிந்தது. மெழுகுப் படலம் நீங்கியது. குழிகளை அடைத்திருந்த முண்டுகள் கரைந்தன. வழவழப்பாக இருந்த நார் சொரசொரப்பாயிற்று. பிசின் குழிகளுக்குள் புகுந்து இறுகிப் பற்ற வழி பிறந்தது.

1983-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய அளவீடுகளைப் பாருங்கள். நாரின் சொந்த வலிமை 15 சதவீதம்தான் கூடியது. ஆனால் நாரைப் பிசினிலிருந்து பெயர்ப்பதற்குத் தேவையான தகைவு ஏறத்தாழ 90 சதவீதம் கூடிற்று! அதே அளவு நார் சேர்த்த பலகையின் வளைவு வலிமையும் மோதலைத் தாங்கும் திறனும் 40 சதவீதம் உயர்ந்தன. நார் அதே நார். பிசின் அதே பிசின். இரண்டுக்கும் இடையிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு மட்டும் திருத்தப்பட்டது. கூட்டுப்பொருளின் வலிமை அந்த எல்லைக்கோட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அதற்காக ஒரு வாரம் ஊறப்போட்டால் இன்னும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். எரிசோடா அளவுக்கு மீறி வேலை செய்தால் நாரையே அரித்துவிடும். அந்த ஆராய்ச்சியிலும் மூன்று நாளுக்கு அப்பால் நாரின் வலிமை மெல்லக் குறையத் தொடங்கியது.

பிடிப்பு அளவோடு இருக்க வேண்டும்

பிடிப்பு மிக மிக இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதுவும் முழு உண்மையன்று. பலகையில் ஒரு பிளவு தோன்றி ஓடி வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வெறும் பிசினில் அது தடையின்றி ஓடிப் பலகையை இரண்டாக்கிவிடும். வழியில் நார் குறுக்கிட்டால் பிளவு தயங்குகிறது. நார் பிசினிலிருந்து சற்று விடுபட்டு, உராய்ந்துகொண்டே வெளியே இழுபடுகிறது. இப்படி உராய்வதில் மோதலின் ஆற்றல் பெருமளவு செலவாகிறது. பிடிப்பு அறவே விடாததாக இருந்தால் பிளவு நாரையும் வெட்டிக்கொண்டு நேரே போய்விடும். இறுக்கமாகப் பிடிக்கவும் வேண்டும்; உரிய நேரத்தில் முரண்டுபிடித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கவும் வேண்டும்!

இதே நிலையத்தினர் 1987-ஆம் ஆண்டில் சைசல், அன்னாசி இலை, வாழை, தென்னை ஆகிய நான்கு நார்ப் பலகைகளைச் சுத்தியலால் மோதி உடைத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டனர். மிகுந்த ஆற்றலை ஏற்றது சைசல், அடுத்து அன்னாசி, பிறகு வாழை, கடைசியில் தென்னை. தனி நாராக இருக்கும்போது எல்லாவற்றையும்விட அதிகம் நீளும் தென்னை நார் இங்கே கடைசி இடத்தில் நின்றது. தனி நாரின் குணத்தை மட்டும் பார்த்துப் பலகையின் குணத்தைச் சொல்லிவிட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

விமானத்திலும் காரிலும்

இயற்கை நார்ப் பலகைகள் வெறும் ஆய்வுக்கூடப் பொருள்கள் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரலாம் என்று பிரிட்டன் அஞ்சியது. அப்போது ஆளிச்செடியின் நாரையும் ஃபீனால் பிசினையும் சேர்த்துச் செய்த ‘கார்டன் ஏரோலைட்’ என்ற பொருளால் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் உடற்பகுதி ஒன்றைச் சோதனைக்காகச் செய்து பார்த்தார்கள். தட்டுப்பாடு அந்த அளவுக்கு வராததால் அது உற்பத்திக்குப் போகவில்லை.

கிழக்கு ஜெர்மனியில் எஃகுத் தகடு அரிதாக இருந்தது. அங்கே ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட ‘டிரபான்ட்’ கார்களின் மேல்தகடுகள், பஞ்சுக் கழிவையும் ஃபீனால் பிசினையும் அழுத்தி வார்த்தவை. மக்கள் அதை ‘அட்டைக் கார்’ என்று கேலி செய்தார்கள். ஆயினும் 30 லட்சம் கார்களுக்கு மேல் சாலையில் ஓடின, தகடுகள் துருப்பிடிக்கவில்லை. 1990-களிலிருந்து ஐரோப்பியக் கார்களின் கதவு உட்பலகைகளில் ஆளி, சைசல் முதலிய நார்கள் இடம்பெற்று வருகின்றன. வண்டியின் எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம்.

திருவனந்தபுரத்திலும் இயற்கை நார் கலந்த பாலியெஸ்டரால் கூரைத் தகடு, கண்ணாடிச் சட்டம், வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் உறை போன்றவற்றைச் செய்து காட்டினார்கள்.

நீர் என்னும் எதிரி

அப்படியானால் பாலத்துக்கும் விமான இறக்கைக்கும் தென்னை நாரைப் பயன்படுத்தலாமா? கூடாது. செடி நார் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். மழைக்காலத்தில் பருக்கும், கோடையில் சுருங்கும். பருத்துச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் பிசினின் பிடி சிறிது தளரும். நன்றாக அடித்த முளையை நாள்தோறும் அசைத்துக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதே கதிதான். வெட்டிய ஓரங்களில் வெளியே தெரியும் நார் முனைகளே நீருக்கு வாசல். அவற்றைப் பூசி மூட வேண்டும். வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நார் கெடத் தொடங்கும். இன்னொரு குறையும் உண்டு. கண்ணாடி இழையை ஒரே சீராக ஆலையில் இழுக்கலாம். ஒரு மட்டையின் நார்களோ தமக்குள்ளேயே ஒன்றுபோல் இரா. உயிரைக் காக்கும் உறுப்புகளுக்கு இந்த ஏற்றத்தாழ்வு ஆகாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டா. நார் மட்கும் என்பதால் பலகையும் மட்கிவிடும் என்று பொருளல்ல. அதைச் சூழ்ந்திருக்கும் பாலியெஸ்டர் மட்காது. டிரபான்ட் கார்கள் ஓய்வு பெற்றபோது அவற்றின் தகடுகளை என்ன செய்வது என்பதே பெரிய சிக்கலாயிற்று. ஆகவேதான் மட்கக்கூடிய பிசின்களையும் விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள்.

ஆயினும் கதவு, தடுப்புச் சுவர், மேசைப் பலகை, பெட்டி, கார்களின் உட்பகுதி ஆகியவற்றுக்கு விமானத்தின் வலிமை எதற்கு? கண்ணாடி இழை செய்ய 1,400 டிகிரி அளவுக்கு உலை எரிய வேண்டும். தென்னை மட்டையோ நம் தோப்புகளில் குவிந்து கிடக்கிறது. ஒரு கதவுக்காக ஒரு மரத்தை வெட்டாமல் விடலாமென்றால், அந்த ஆராய்ச்சி நமக்கு மிகவும் வேண்டியதல்லவா?

செய்து பாருங்கள்

பிடிப்பின் சிறப்பை நீங்களே சோதிக்கலாம். தேவையானவை: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தென்னை நார், சிறிது தேங்காய் எண்ணெய், 20 செ.மீ. நீளமுள்ள அட்டை அச்சுகள்.

ஒரே அளவுள்ள பட்டைகளை நான்கு வகையாக வார்த்துக் கொள்ளுங்கள். முதல் வகையில் நாரே வேண்டா. இரண்டாவதில் கழுவிக் காயவைத்த நார்களைப் பட்டையின் நீளவாக்கில், அடிப்பக்கத்துக்கு அருகே பதியுங்கள். மூன்றாவதில் அதே எண்ணிக்கை நார்களை எண்ணெய் தடவிப் பதியுங்கள். நான்காவதில் நார்களைத் துண்டுகளாக்கிக் குறுக்குவாக்கில் வையுங்கள். ஒவ்வொரு வகையிலும் மூன்று பட்டைகள் இருக்கட்டும். ஒரு வாரம் நன்றாகக் காய விடுங்கள்.

இரண்டு செங்கற்களின்மேல் பட்டையைப் பாலம்போல் வைத்து, நடுவில் ஒரு டப்பாவைத் தொங்கவிட்டு, மணலைச் சிறிது சிறிதாக இடுங்கள். முதல் கீறல் விழும்போது எவ்வளவு மணல், முற்றிலும் உடையும்போது எவ்வளவு மணல் என்று இரண்டையும் எடைபோட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். மூன்று பட்டைகளின் சராசரியை எடுங்கள். உடைந்த இடத்தில் நார்கள் அறுந்திருக்கின்றனவா, உருவிக்கொண்டு வந்திருக்கின்றனவா என்று உருப்பெருக்குக் கண்ணாடியில் பாருங்கள்.

எச்சரிக்கை: பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், அதற்குள் கையை விட்டு வைத்திருக்காதீர்கள். மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்டினால் அடைத்துக் கொள்ளும். எரிசோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். அதை நீங்களாகத் தொட வேண்டா.

கீறல் விழுந்த பிறகும் இரண்டாவது வகைப் பட்டை கீழே விழாமல் தொங்கும். எண்ணெய் தடவியது என்ன செய்கிறது? குறுக்கே வைத்தது வெறும் பட்டையைவிட மேலா, கீழா? ஏன்? விடையை உங்கள் குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டி விவாதியுங்கள்.